முப்பது சதவீதத்தில் நின்ற அப்டேட்

மாலை நான்கு மணிக்கு சௌமியாவுக்கு வெளிநாட்டுக் கம்பெனியின் நேர்காணல். வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் பேச வேண்டும், போன் கூடாதாம். கம்ப்யூட்டரோ அப்டேட்டில் சிக்கி, முப்பது சதவீதத்திலேயே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் அவள் அப்பா பச்சமுத்து, மெக்கானிக் கலைமணியைப் போனில் பிடித்தார்.

"ஏனுங்க, போன வாரந்தானே சரி பண்ணிக் குடுத்தீங்க? மறுபடியும் நின்னுபோச்சு. ஒடனே கெளம்பி வாங்க!"

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க. ஸ்குரூ டிரைவர் மொதக்கொண்டு சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்குத்தான் கையில எடுக்கோணும்."

"எந்தக் காலத்துல இருக்கறீங்க? ஸ்குரூ டிரைவருக்கு லீவாமா லீவு! உங்க பொரிகடலைக்காக எம்புள்ள வேலை போகோணுமா?"

திட்டுத் தாங்காமல் கலைமணி வெறுங்கையோடு வந்தார். சில பொத்தான்களை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அப்டேட் ஓடறப்ப யாரோ கரண்டை நிறுத்திட்டாங்க. பழைய நிலைக்குக் கொண்டாரவே ராத்திரி ஆயிருமுங்க."

சௌமியா கொதித்தாள். "காத்தால ஓட உட்டுட்டுத்தானே குளிக்கப் போனேன்! அணைக்காதீங்கன்னு திரையிலயே போட்டிருந்துச்சே! யாருங்கப்பா நிறுத்துனது?"

பச்சமுத்து அவளுக்கு மேல் கத்தினார்.

"நாந்தான் நிறுத்துனேன்! தறியவே நிறுத்திட்டுத்தான் சூடம் காட்டறோம். ஆயுத பூஜையும் அதுவுமா இது மட்டும் ஓடிக்கிட்டே இருந்தா சாமி குத்தம் ஆயிராதா?"