முக்காலி முடி வெட்டிக்கொண்ட நாள்

சடைக்குள் ஏதோ சூடாக இருந்தது.

புனிதா கிளிப்பரை நிறுத்தினாள். நாயின் நெஞ்சில் இடது பக்கமாகத் தொங்கிய அந்த அழுக்கு உருண்டையை மறுபடி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். வெறும் முடி இப்படிச் சுடாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோரு வருடமாக நாய்களுக்கு முடி வெட்டுகிற கை, அதற்கா வித்தியாசம் தெரியாது?

நாயின் பெயர் முக்காலி. மூன்று கால் என்பதால் வைத்த பெயர். முன்னங்கால் ஒன்று எப்போதோ போய்விட்டது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஊசி போட்ட டாக்டரும் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார். டெங்கிலில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக அலைந்துகொண்டிருந்ததாம். சேறும் முடியும் சேர்ந்து இறுகி, பழைய கால்மிதியைப் போர்த்திக்கொண்டு வந்தது போல் இருந்தது. சீப்பு நுழைய வழியே இல்லை. அடியோடு மழிக்க வேண்டியதுதான்.

அதைக் கொண்டுவந்த சந்திரகலா எதிரில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். கடை வாசலை அடைத்துக்கொண்டு அவள் கார் நின்றது. அதற்குள் அவள் கணவர் கமலநாதன், ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பார்க்கிங் கிடைக்கவில்லை, அதனால்தான் அவர் இறங்கவில்லை என்று வந்ததும் சொன்னாள். எதிரே இரண்டு இடம் காலியாகக் கிடந்தது. புனிதா மனதுக்குள் அந்த மனிதருக்கு ஏசி துரை என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அக்கா, தலைய நல்லா புடிங்க. உள்ள என்னமோ இருக்கு லா."

நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். இந்த மாதிரிச் சடையில் தோல் எது, முடி எது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலை உள்ளே விட்டு, விரலுக்கு வெளியே வெட்ட வேண்டும். உள்ளே இருப்பது கால் என்றால் அது உயிரோடு இருக்கிறதா, அழுகிவிட்டதா? அழுகியிருந்தால் இப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அப்போதும் நாய் பிழைக்குமோ என்னவோ.

முக்காலி முனகக்கூட இல்லை. கத்தரி பட்ட போதெல்லாம் நாக்கை நீட்டி அவள் மணிக்கட்டைத் தேடியது.

அரை மணி நேரம் ஆனது. அந்தக் கால்மிதிச் சடை மொத்தமாகக் கழன்று மேசையில் விழுந்தது.

உள்ளே கால் இருந்தது.

மடங்கி, நெஞ்சோடு ஒட்டி, சூம்பிப் போய், பிறந்த பிள்ளையின் கை போல இளஞ்சிவப்பாக இருந்தது. நகங்கள் வளர்ந்து சுருண்டிருந்தன. புனிதா பாதத்தை மெல்ல அழுத்தினாள்.

விரல்கள் அசைந்தன.

முருகா என்று அவள் வாய் தானாகச் சொன்னது. எத்தனையோ நாய்களைத் தொட்டிருக்கிறாள், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. எத்தனை மாதமோ, இருட்டுக்குள், யாருக்கும் தெரியாமல், ஒரு கால் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

நாய் அந்தக் காலை நீட்டி மேசையைத் தொட்டது. திடுக்கிட்டு எடுத்துக்கொண்டது. குனிந்து, யாருடையதோ என்று மோந்து பார்த்தது. மறுபடி வைத்தது. கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் இந்த முறை எடுக்கவில்லை.

சந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகையாகத் தெரியவில்லை.

"அவருகிட்ட எப்படிம்மா சொல்வேன்? மூணு காலுன்னுதான் இது வேணும்னு கேட்டாரு."

புனிதாவுக்குச் சுர்ரென்று வந்தது. நொண்டி நாய்தான் வேண்டுமாமா? எதற்கு, போனில் படம் போட்டு நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கவா? துரையை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று, நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவருடைய கால்சட்டையின் வலது பக்கம் முழங்காலுக்கு மேலேயே மடிக்கப்பட்டு, ஊக்கு குத்தியிருந்தது. இனிப்புநீர் வியாதி கொண்டுபோன கால்.

கமலநாதன் அவளைப் பார்க்கவே இல்லை. துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின்னால் ஓடிவந்த சந்திரகலா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கையை நீட்டி, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். நாய் அவர் உள்ளங்கையில் காலை ஊன்றி அழுத்தியது.

"பாத்தியா கலா, திருட்டுப் பய. இவ்ளோ நாளா ஒளிச்சு வச்சிருந்திருக்கான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் நிறைந்துவிட்டது. பிறகு மெல்லத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். புனிதாவும் பார்த்தாள்.

அங்கே நீளமாக ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. மேலே ஆஸ்பத்திரி ஸ்டிக்கர். கமலநாதன், செயற்கைக் கால், வலது என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. தேதி போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. சுற்றி ஒட்டிய டேப் ஒரு ஓரத்தில்கூடக் கிழியவில்லை.

"கத்திரி இருக்காம்மா?" என்று அவர் புனிதாவிடம் கேட்டார்.

அது அவள் ஏப்ரன் பையிலேயே இருந்தது. முக்காலியின் முடி ஒட்டியிருந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.