சிக்கன நடவடிக்கை

கதவை ஓங்கி ஓர் உதை விட்டார் கல்வி அதிகாரி. கதவு அசையவில்லை. அவர்தான் காலைப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் குட்டி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“எல்லாம் உங்க சிக்கனத்தோட லட்சணம்!” என்று நிதி மேலாளர் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் சாக்பீஸ் வாங்குவது முதல் பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது வரை எல்லாம் அந்த அம்மாவின் கையெழுத்தில்தான் நகரும். எது கேட்டாலும் பாதியை வெட்டித்தான் அனுப்புவார். அதனால் வாத்தியார்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல்.

இருவரும் மாட்டிக்கொண்டிருந்தது ஊர்க்கோடி ஆரம்பப் பள்ளியின் சாமான் அறையில். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியிலிருந்து திறக்கச் சாவி, உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி. சாவி வெளியே கதவிலேயே தொங்கியது. கைப்பிடி இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன.

“கைப்பிடி எங்கே போச்சு?”

“மூடப்போற ஸ்கூலுக்கு ரிப்பேர் செலவே கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றார் கத்தரிக்கோல். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பள்ளியை மூடும் உத்தரவு அன்று மாலை ஐந்து மணிக்குள் கணினியில் ஏற வேண்டும். அதற்கு முன்னால் இருவரும் நேரில் வந்து சாமான்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. தவறினால் பழைய நிதி ஒதுக்கீடே இன்னும் ஒரு வருஷம் ஓடும், பள்ளியும் ஓடும். பள்ளியை மூடிக் காட்டுகிறேன் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டு, பதவி உயர்வுக்குக் காத்திருந்தார் அதிகாரி.

“பத்து நிமிஷ வேலைன்னு கூட்டிட்டு வந்தீங்களே!”

“பத்து நிமிஷ வேலைதான் சார். காலையிலேயே வந்து எல்லாத்தையும் எண்ணி வச்சுட்டேன். காத்து இப்படிக் கதவைச் சாத்தும்னு யாரு கண்டா?”

“சரி, போனைப் போடுங்க. என்னோடது கார்ல சார்ஜ்ல கிடக்கு.”

“ஆபீஸ் போன்தான் சார் வச்சிருந்தேன். போன மாசம் திருப்பி வாங்கிட்டீங்க.”

“சொந்தமா ஒண்ணு வாங்கறதுக்கு என்ன?”

“சிக்கனம் சார்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வாட்ச்மேன்! வாட்ச்மேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினார் அதிகாரி. விடுமுறை மைதானத்தில் ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“அவருக்குப் பகல் டியூட்டியை வெட்டியாச்சு சார். ஆறு மணிக்குத்தான் வருவார்.”

“டிரைவராவது...” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். டிரைவரை வீட்டுக்கு அனுப்பி, அதைச் சேமிப்பு என்று மேலிடத்துக்கு எழுதியதே அவர்தான். காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. விசிறி சுவிட்சைத் தட்டினார். சுற்றவில்லை. காலிப் பள்ளிக்கு எதற்குக் கரண்டு என்று கேட்டதும் தாம்தான் என்பது நினைவுக்கு வர, அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கதவிடுக்கில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். நகம்தான் பெயர்ந்தது. குனிந்தபோது கதவடியில் கொஞ்சம் மரத்தூள் சிதறிக் கிடப்பது கண்ணில் பட்டது.

“பாருங்க, கரையான்! கட்டடமே உளுத்துப் போச்சு. இதை மூடாம என்ன பண்றது?”

கத்தரிக்கோலும் குனிந்து பார்த்தார். செருப்பு நுனியால் தூளை ஓரமாகத் தள்ளினார்.

“மூடினா ஒண்ணாங்கிளாஸ் பசங்களும் ஹைவேயைத் தாண்டித்தானே சார் பக்கத்து ஊர் ஸ்கூலுக்குப் போகணும்? லாரி ஓயாத ரோடு.”

“பஸ் விடப் பணம் இருக்கா?”

“இல்ல சார்.”

“இந்த ஸ்கூலுக்குத்தான் செலவு ஜாஸ்தின்னு கணக்குப் போட்டுக் கொடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்புறம் என்ன?”

அந்த அம்மா தலை குனிந்துகொண்டார். அவர் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அதிகாரி காலரைத் தளர்த்தினார். “மூச்சு முட்டுது மேடம்.”

“பழகிடும் சார். இந்த ஃபைல் என் மேஜைக்கு வந்ததிலேருந்து எனக்கும் அப்படித்தான் இருக்கு.”

கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைக் குத்துவதுமாக இருந்தார் அதிகாரி. பெஞ்சைத் தூக்கி இடித்துப் பார்த்தார், பெஞ்சின் கால்தான் உடைந்தது. ஐந்து மணி தாண்டியதும் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அழாத குறை.

ஒருவழியாக வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு வெளியே போன அதிகாரி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். கூட வந்த அம்மா எப்படி வீடு திரும்புவார் என்றுகூடக் கேட்கவில்லை.

வாட்ச்மேன் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து விழித்தார்.

“நேத்து ராத்திரி பூட்டும்போது கைப்பிடி இருந்துச்சேம்மா!”

கத்தரிக்கோல் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த கனமான ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“திருகாணியும் உள்ளேயே இருக்குண்ணே. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள மாட்டிடுங்க.”