இன்னும் ஒரு கிணறு

"இன்னும் ஒரே ஒரு கிணறு பார்த்துட்டா போதும் சார்" என்றாள் பொன்மலர்.

ஃபோனில் அந்தப் பக்கம் வேதியியல் துறை மோசஸ் கொஞ்சம் யோசித்தார். "சரி மேடம். எந்த ஊரு?"

"கணியம்பாடி பக்கம். வெள்ளிக்கிழமை போலாமா?"

"போலாம் மேடம்."

ஃபோனை வைத்ததுமே பக்கத்து நாற்காலியிலிருந்து ஷஹீன் பானு பிடித்துக்கொண்டாள். வரலாற்றுத் துறைக்காரி. பொன்மலருக்குப் பழைய தோழி. மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவாள்.

"இன்னா பொன்மலர், போன மாசமும் இதான் சொன்ன. அதுக்கு முந்தின மாசமும் இதான். உன் கிணறு முடியவே முடியாதா?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

"அந்த மனுஷனுக்குப் பேராசிரியர் இன்டர்வியூ வருது, தெரியுமில்ல? இந்தக் கட்டுரை போனாத்தான் அவருக்குக் கிடைக்கும். அவரு வாயைத் தொறந்து கேக்க மாட்டாரு. அதுக்காக நீ இப்படி இழுத்தடிச்சா? பாவம்டி அது."

கட்டுரையை எழுதி முடிப்பது பொன்மலரின் பொறுப்பு. அதை முடித்து ஆறு மாசமாகிறது. இதை ஷஹீனிடம் எப்படிச் சொல்வது?

துறை விட்டுத் துறை சேர்ந்து ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் உத்தரவு வந்தபோது, யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தாவரவியலுக்கு வணிகவியல் விழுந்தது. ஒரே வாரத்தில் இரண்டும் முறைத்துக்கொண்டு போய்விட்டன. பொன்மலரின் தமிழ்த் துறைக்கு விழுந்தது வேதியியல்.

"தமிழும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து இன்னா பண்றது மேடம்?" என்று மோசஸ் தலையைச் சொறிந்தார்.

பாலாற்றங்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீரின் ருசியை ஜனங்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றவள் பொன்மலர்தான். கரிக்குது என்பார்கள், கடுக்குது என்பார்கள், சப்புனு இருக்குது என்பார்கள். அவள் அந்தச் சொல்லை எழுதிக்கொள்வாள். அவர் அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போய் எவ்வளவு உப்பு என்று பார்ப்பார். ஜனங்களின் நாக்கும் அவருடைய மெஷினும் ஒன்றையேதான் சொல்லின.

அப்புறம்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு எந்தப் பக்கமாகப் போனதென்றே பொன்மலருக்குத் தெரியாது. மோசஸுக்கு மனைவி தவறிப் பல வருஷம். வெள்ளிக்கிழமை மதியமானால் அவருடைய பழைய காரில் ஏதாவது ஒரு கிணறு. ஆற்காடு பக்கம் போனால் திரும்பும் வழியில் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கி, "சர்க்கரை இருக்குது மேடம், பாதிதான் எனக்கு" என்று உடைத்து நீட்டுவார். உப்பையும் சாப்பாட்டையும் தவிர அவர்கள் வேறெதுவும் பேசியதில்லை. ஆனாலும் அந்த ஒரு மதியத்தை நினைத்துத்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள்.

கட்டுரை போய்விட்டால் என்ன ஆகும்? வேதியியல் கட்டடம் ஒரு கோடி, தமிழ்க் கட்டடம் ஒரு கோடி. எதிரில் பார்த்தால் வணக்கம் சார், வணக்கம் மேடம். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி முழுக்க ஷஹீன் சொன்னது குத்திக்கொண்டே இருந்தது. தன் ஆசைக்காக ஒரு நல்ல மனுஷனின் பதவியைக் கெடுப்பதா?

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தால் மனசு மாறிவிடும். மறுநாள் காலையிலேயே கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வேதியியல் லேபுக்குப் போனாள்.

"சார், முடிஞ்சிடுச்சு. அனுப்பிடுங்க."

மோசஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கணியம்பாடி கிணறு?"

"வேணாம் சார். இருக்கிறதே ஜாஸ்தி."

அவர் தாள்களை வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி மேடம். இன்னிக்கே அனுப்பிடறேன். ரொம்ப தேங்க்ஸ்." மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதானா? மனக்கோட்டை கட்டியது அவள். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

திரும்பும்போதுதான் ஜன்னலோரத்து அலமாரியைப் பார்த்தாள். வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பேர் ஒட்டியிருந்தது. எல்லாம் இந்த ஆறு மாசத்தில் போன ஊர்கள். ஒரு பாட்டிலின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. மேலே ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. வெயிலில் கூடவே அலைந்து பிடித்த தண்ணீர். திறந்து பார்க்கக்கூட இவருக்கு மனசில்லையா? போனால் போகிறதென்றுதான் இத்தனை நாள் கூட வந்தாரா?

லேப் அசிஸ்டென்ட் வஹீதா குழாயடியில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா வஹீதா, இதெல்லாம் டெஸ்ட் பண்ணாமயே கெடக்குது?"

"அதை ஏன் கேக்கறீங்க மேடம், பெரிய பேஜாரு. கட்டுரைக்கு வேண்டியது எப்பவோ கிடைச்சாச்சு, இதெல்லாம் டெஸ்ட் பண்ண வேணாம்னு சார் சொல்லிட்டாரு. சரி, எடத்தை அடைக்குதே, கொட்டிட்டு பாட்டிலைக் கழுவி வெக்கறேன்னேன்."

"அதுக்கு?"

"ஒரு சொட்டு கொட்டக் கூடாதுன்னுட்டாரு. என்னைத் தொடக்கூட விடறதில்ல மேடம், தெனம் காலைல வந்து அவரே தொடைச்சு வெக்கிறாரு."