ஊத்தட்டுங்களா?

எதிர்க்கடையிலிருந்து கார் ஒன்று வெளியே வந்தது. ஓட்டி வந்தவர் வைத்யநாதன் என்று தெரிந்ததும் சுப்பையா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் வைத்யநாதன். மகள் கல்யாணப் பத்திரிகையைச் சொந்தக்காரர்களுக்கு முன்னால் சுப்பையாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து கொடுத்தவர். அப்படிப்பட்டவரே எதிர்க்கடைக்குப் போய்விட்டாரே என்று சுப்பையாவுக்குத் தாங்கவில்லை.

வைத்யநாதனுக்கும் சங்கடம்தான். பார்க்காததுபோல் போக முடியாத தெரு அது. காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"கோச்சுக்காதீங்க சுப்பையா. ஆயில் மாத்தறதுக்கு முன்னால என்னமோ ஃப்ளஷ்னு ஊத்தி, இன்ஜின் உள்ளெல்லாம் அலசி விட்டாங்க. கறுகறுன்னு எவ்வளவு வந்தது தெரியுமா?"

"பழைய ஆயில் கறுப்பாத்தானுங்க வரும். நேரத்துக்கு ஆயில் மாத்துற வண்டிக்கு அதெல்லாம் எதுக்குங்க?"

"இருக்கட்டுமே, ஒரு திருப்தி" என்று சொல்லிவிட்டு வைத்யநாதன் போய்விட்டார்.

அந்தத் திருப்தியில்தான் சுப்பையாவின் வயிறு எரிந்தது. மைசூரு ஸ்ரீராம்புரத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே ஹேமந்த் என்பவன் கடை திறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி அறை, காத்திருப்பவர்களுக்குக் காபி. போதாததற்குத் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவான். நக்கலைப் பார் என்று சுப்பையா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி கமலம்மாள் அவர் பார்வை போன திசையைக் கவனித்தாள்.

"நீங்க இப்படியே பாத்துக்கிட்டிருங்க. உங்க வயித்தெரிச்சல்லயே அந்தக் கடை பத்திக்கும்."

"பத்தட்டுமே!"

"அதுக்கு நீங்களும் அந்த ஃப்ளஷ்ஷை வாங்கி ஊத்திவிட்டா என்னவாமுங்க? வர்றவங்க அதைத்தானே கேக்கறாங்க?"

பல வருஷம் கவனிக்காமல் விட்ட இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால், கசடு பெயர்ந்து ஆயில் போகும் வழியை அடைத்தாலும் அடைத்துவிடும். ஒழுங்காக ஆயில் மாற்றும் இன்ஜினில் பெயர்க்கக் கசடே இருக்காது. இதுதான் சுப்பையாவின் கட்சி. அதைச் சொல்லிச் சொல்லியே பாதி வாடிக்கையை இழந்த மனிதர்.

ஆனால் பொறாமைக்கு முன்னால் கட்சியாவது, கொள்கையாவது! அன்று மாலையே ஒரு பெட்டி ஃப்ளஷ் டின் வாங்கிவந்து, எதிர்க்கடையில் இருப்பதுபோலவே வாசலில் அடுக்கி வைத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எதிர்க்கடைக்கு வார விடுமுறை. அந்த ஷட்டர் மூடிக் கிடக்கும் நாளில்தான் சுப்பையாவுக்குச் சாப்பிட்டது செரிக்கும். அன்று பார்த்து மனிஷாவின் சிவப்புக் காரும் வந்து நிற்கவே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

எதிர்க்கடை வந்த பிறகு சுப்பையாவுக்குக் கிடைத்த ஒரே புது வாடிக்கை மனிஷாதான். காலேஜில் வேலை பார்ப்பவள். எப்போது வந்தாலும் ஒரு செவ்வாயன்றுதான் வருவாள்; ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றச் சொல்வாள். அங்கே அத்தனை பளபளப்பு இருந்தும் இந்தப் பெண் என்னைத்தானே தேடி வருகிறாள் என்று கமலம்மாளிடம் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறார்.

"வாங்கம்மா! இன்னைக்கு ஃப்ளஷ்ஷும் போட்டுரலாமுங்க" என்று டின்னின் மூடியைத் திருகினார் சுப்பையா. "இன்ஜினுக்குள்ள கசடு சேர்ந்திருக்குமுங்க. இதை ஊத்திக் கொஞ்ச நேரம் ஓட விட்டா, எல்லாம் கரைஞ்சு பழைய ஆயிலோட வெளிய வந்துரும். வண்டி புதுசாட்டம் ஆயிருமுங்க. ஊத்தட்டுங்களா?"

எதிர்க்கடையில் சொல்வதாகக் கேள்விப்பட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டார்.

மனிஷா டின்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நீங்களுமா அண்ணா?"

சுப்பையாவுக்குச் சுருக்கென்றது. "இப்பல்லாம் எல்லாரும் இதைத்தானுங்க போடறாங்க" என்றபோது அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று மனிஷா போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். யாரிடமோ கன்னடத்தில் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பேடவே பேடா, வேண்டவே வேண்டாம்னுட்டார் எங்க வீட்டுக்காரர். ரெகுலரா ஆயில் மாத்துற வண்டிக்கு அதெல்லாம் எதுக்குன்னு கேக்கறார்."

தான் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத ஒருவர் சொல்லிவிட்டாரே என்று சுப்பையாவுக்கு அவர்மேலும் பொறாமை கிளம்பியது.

"இந்தத் தொழில்ல தலை நரைச்சவன் நான் சொல்றேன். அவருக்கு என்னங்க தெரியும் இன்ஜினைப் பத்தி?"

"அவர்தான் என்னை உங்ககிட்டயே அனுப்பறார் அண்ணா. தேவையில்லாத எதையும் சுப்பையாண்ணா நம்ம வண்டியில ஊத்தமாட்டார், அங்கயே போன்னு சொல்வார்."

சுப்பையா டின்னை மூடினார்.

"என்னை அவ்வளவு தெரிஞ்சவரா? யாருங்கம்மா அவரு? ஒரு நாளும் இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே?"

மனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தினமும் காலையில உங்களுக்குக் கும்பிடு போடறாரே, அவர்தான் அண்ணா!"