சுதர்சனத்தின் இரண்டாவது வயிறு

கல்யாணமான நாளிலிருந்து மனைவி வைஜயந்தியின் மோர்க்குழம்பிலிருந்து சுதர்சனம் ஒரே பொய்யைச் சொல்லித் தப்பித்து வந்தார்: "வயித்துக்கு ஒத்துக்கலைம்மா."

வைஜயந்தி வேலை பார்த்த மருந்து ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளைத் தூக்கிவிட்டு, ஊழியர்களின் வீட்டாரிடம் உடல் செல்களை வாங்கி நகமளவு வயிறுகளை வளர்த்தார்கள். கண்ணாடிச் சில்லுகளில் வரிசையாக இருந்த அவற்றில் ஒன்று சுதர்சனத்தினுடையது. புது மருந்து எதுவானாலும் முதலில் அதுதான் விழுங்கிப் பார்க்கும். "எலிங்களைக் காப்பாத்துறதே என் வயிறுதான் சார்" என்று அவரும் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஒருநாள் வைஜயந்தி டிபன் பாக்ஸில் மோர்க்குழம்பைக் கொண்டுபோய் அந்த வயிற்றுக்கு ஒரு சொட்டு விட்டாள்.

சாயங்காலம் கைப்பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"உங்க வயிறு சமத்தா செரிச்சிடுச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"

சுதர்சனம் திருதிருவென்று விழித்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கு நாக்கு இல்லையேம்மா!"

வைஜயந்தி அவர் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை ஒரு கையில் காபியோடு வந்தாள். மறு கையில் பஞ்சு சுற்றிய குச்சியும் ஆய்வகத்துச் சின்னக் குப்பியும் இருந்தன.

"எங்க, நாக்கை நீட்டுங்க."