செம்புத் தகடு

“செருப்பக் கழட்டு. செல்போன வெளிய வை. செம்புத் தகட்டத் தொட்டுட்டு உள்ள வா” என்றார் பெத்தணன்.

பாண்டிச்செல்வம் மூன்றையும் ஒழுங்காகச் செய்தான். தகட்டில் கை வைத்தால் உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குப் போகிற யாரும் இதைச் செய்யாமல் வாசல்படி தாண்ட முடியாது.

ஆனால் இது மருந்து அறை இல்லை. விஸ்வநத்தத்தில் பெத்தணனின் வீட்டுக் கூடம். உள்ளே இருந்தது பதினான்கு வருடத்துப் பழைய கம்ப்யூட்டர். அதைப் பழுது பார்க்கத்தான் பாண்டிச்செல்வம் வந்திருந்தான், நாலாவது தடவையாக.

பெத்தணன் முப்பத்தொரு வருடம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். அவர் காலத்தில் ஒரு விபத்து கிடையாது. ஓய்வு பெற்ற முதல் வாரமே வீட்டிலும் விபத்து நடக்கக் கூடாது என்று சமையலறையைக் கையில் எடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு வாளி மணல் வந்தது. ‘ஒரு நேரத்தில் பத்து அப்பளம் மட்டும்’ என்று சுவரில் எழுதி ஒட்டினார். ‘அறையில் ஒருவர் மட்டும்’ என்று அதற்குக் கீழே இன்னொன்று ஒட்டினார். அப்போது உள்ளே அவர் இருந்தபடியால், அவர் மனைவி வெள்ளைத்தாய் கரண்டியும் கையுமாக வெளியே நின்றாள்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அந்தச் சமயம் பார்த்துக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சமையலறை வேலை பாதியில் நின்றுபோயிற்று.

பெத்தணன் பொத்தானை அழுத்தினார். பெட்டி மூன்று தடவை ‘பீப்’ என்றது. திரை கறுப்பாகவே இருந்தது.

“கேட்டியா? தெனமும் காலைல இதே கூத்து. மெயின அணைச்சு, பெட்டியத் தொறந்து, ராம் கார்டக் கழட்டி, அழிரப்பர வச்சுத் தேச்சு மாட்டுனா ஓடும். மறுநாள் பழையபடி பீப்.”

அந்த வேலைக்கு அவருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். எந்தத் திருகை எதற்குப் பிறகு கழற்றினோம் என்று தாளில் எழுதி வைத்துக்கொள்வார். ஓட ஆரம்பிக்கும்போது மத்தியானச் சோறு தயாராகியிருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கம் மழை உண்டா என்று ஒரு பார்வை பார்ப்பார். பட்டாசு காயப்போட்ட காலத்துப் பழக்கம். பார்த்ததும் அணைத்துவிடுவார்.

“இன்னைக்குச் சரியாகலைன்னா பழைய இரும்புக்குத் தூக்கிப் போடச் சொல்லிட்டான் எம்மகன். முப்பத்தொரு வருசத்துல காரணம் கண்டுபிடிக்காம ஒரு கோளாற நான் விட்டதில்லப்பா. இந்தச் சனியன்கிட்டயா தோக்கணும்?”

வெள்ளைத்தாய் காப்பி கொண்டுவந்தாள். வாசலில் நின்று இடது கையால் தகட்டைத் தொட்டுவிட்டு, மேசையில் டம்ளரை வைத்தாள்.

“காப்பிக்கு எதுக்குடி தகடு? பெட்டியத் தொறக்கவங்களுக்குத்தான் அது” என்றார் பெத்தணன்.

“கைப்பழக்கம்” என்றாள் அவள்.

பெத்தணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னோடு குடித்தனம் நடத்தியதில் பாதுகாப்பு அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று பாண்டிச்செல்வத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாண்டிச்செல்வம் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தான். “அண்ணாச்சி, ராம் கார்டப் பிடிச்சிருக்க கிளிப் ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்கு. ஆராச்சும் நெம்பாம இது தொறக்காது. வீட்ல வேற ஆரும் கை வைக்காகளா?”

“நானும் ஒன் மதினியும்தான். அவளுக்கு சுவிட்ச் எங்கன இருக்குன்னே தெரியாது.”

“அப்படின்னா போர்டு வளைஞ்சு போச்சு. இனி தேறாது. எதுக்கும் இருக்கட்டும்னு ஒங்க மகன் எங்கிட்ட புது லேப்டாப்புக்கு ஆர்டர் சொல்லி வச்சிருக்காரு, சாயங்காலம் வந்துரும்.”

“புதுசும் இப்படித்தான் மக்கர் பண்ணுமா?” என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

“அஞ்சு வருசத்துக்குக் கை வைக்கவே வேண்டாம், மதினி. அம்புட்டு நல்ல கம்பெனி.”

“அஞ்சு வருசமா?” என்றாள் அவள்.

பெத்தணன் எழுதி வைத்திருந்த தாள்களை ஒன்றாக அடுக்கினார். தோற்றுப்போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டார். “போகட்டும். அந்தச் சமையக்கட்டு வேலை வேற பாதில கெடக்கு. நாளைல இருந்து காலைலயே அங்கன போயிட்டா, ஒழுங்கா முடிச்சிரலாம்.”

பாண்டிச்செல்வம் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“அத அங்கனயே எறக்கி வையப்பா. அதுல ஒரு கோளாறும் இல்ல” என்றாள் வெள்ளைத்தாய்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார் பெத்தணன்.

வெள்ளைத்தாய், ஒரு ஃபோர்மேனிடம் எதை முதலில் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள்.

“தெனமும் தகட்டத் தொட்டுட்டுத்தான் அந்தக் கிளிப்ப நெம்புறேன்.”