குழாயைக் கழற்றினாலும் குற்றம்

துஷாந்தன் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கதைக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று கமலேஸ்வரிக்குப் பட்டது. மேல் அறைக்கு வாடகைக்கு வந்த இந்த ஒன்றரை வருடத்தில் அவன் அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை.

உடுப்புக் கூடையோடு படியில் நின்றாள். ஒட்டுக்கேட்பது வேறு, காதில் விழுவது வேறு. இது காதில் விழுந்தது. மூன்று நிமிடம் நின்றபடியால் கொஞ்சம் கூடவே விழுந்தது.

"லோயர் சேர், பிஸ்டலின்ர வாயில பூட்டியிருக்கிற குழாயைக் கழற்றினா சரிதானே... கழற்றினாலும் குற்றமோ? ... ஓ. சும்மா வச்சிருந்தாலே உள்ள போடுவினமோ?"

கமலேஸ்வரி கூடையோடு சத்தமில்லாமல் கீழே இறங்கினாள்.

அவன் வேலைக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள். போனதும் கூட்டுகிற வாக்கியூமை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலுக்குக் கீழே ஒரு துவாய்ச் சுருட்டு. விரித்தால், கறுப்புப் பிஸ்டல். முன்னால் கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய் திருகியிருந்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா மேல வாங்கோ."

புருசன் கிருஷ்ணராசா வந்து பார்த்தார். கட்டில் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார்.

"தொடாதையும்," என்றார்.

மனுசன் பயந்துவிட்டார் என்று நினைத்தாள்.

"சைலன்சர்," என்றாள். "ஆரையோ சத்தமில்லாமல் முடிக்கப் போறான்."

"படம் பாக்கிறது கூடிப் போச்சு உமக்கு."

"அப்ப இது என்ன, தேங்காய் துருவுற சாமானோ?"

அவளுக்கு வாய் நிற்கவில்லை. "கேக்காமலே குப்பைத்தொட்டியை ரோட்டில கொண்டுபோய் வைக்கேக்கையே யோசிச்சனான். இந்தக் காலத்தில ஆர் அப்பிடிச் செய்வினம்? ஏதோ நோக்கத்தோடதான். நாங்கள் ஜெர்மனியில பதினாறு வருசம் இருந்தம், இங்க லண்டனில, குட்மேய்ஸில பத்து வருசம். ஒரு நாள் பொலிஸ் எங்கட கதவைத் தட்டியிருக்குமோ?"

பின்னேரம் துஷாந்தன் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, கமலேஸ்வரி மறித்தாள்.

"தம்பி, உன்ர கட்டிலுக்குக் கீழ என்ன கிடக்கு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. கிருஷ்ணராசாவைப் பார்த்தான். கிருஷ்ணராசா யன்னல் சீலையைப் பார்த்தார்.

"நாளைக்கு அது இங்க இராது அக்கா."

"ஆரின்ர சாமான் அது?"

"என்ர அறையில கிடந்தா என்ரதானே."

"அப்ப உன்ர சாமான் எல்லாத்தையும் எடு. இண்டைக்கே."

"அக்கா, வாற வியாழன் குரோய்டனில அகதி விசா இன்டர்வியூ. ரெண்டரை வருசம் பாத்துக்கொண்டிருந்தது. இந்த அட்ரஸ்தான் குடுத்திருக்கு. ஒரு கிழமை..."

"இந்தப் பெடியனுக்கு விசா குடுங்கோ, துவக்கு வடிவா வச்சிருப்பான் எண்டு நானும் வந்து சொல்லட்டோ?"

அவன் படியேறினான்.

கிருஷ்ணராசா யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

கமலேஸ்வரிக்கு மனம் ஆறவில்லை. போனைத் தூக்கினாள். "பொலிசுக்குச் சொல்லாட்டி நாங்களும் சேர்ந்து மாட்டுவம்." இரண்டு ஒன்பதை அமத்திவிட்டாள். மூன்றாவது ஒன்பதுக்குப் போன விரலை அவர் பிடித்தார்.

"போன் அடியாதையும்."

"பாவம் பாக்கிறியளோ?"

"அது என்ர சாமான்."

மேலே அலுமாரி இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஜெர்மனியில, டோட்முண்டில வாங்கினது," என்றார் கிருஷ்ணராசா, குரலைத் தாழ்த்தி. "குண்டு போகாது, சத்தம் மட்டும்தான் வரும். அந்தக் குழாய், வருசப்பிறப்புக்கு வாணம் விடப் பூட்டுறது. அங்க கடையில விக்கும். வீடு மாறேக்க பெட்டியோட வந்திட்டுது. இங்க அது துவக்குக் கணக்கு எண்டு பிறகுதான் தெரிஞ்சது. கூரைக்குக் கீழ, லொஃப்டில ஒளிச்சு வச்சனான்."

"அவனிட்ட எப்பிடிப் போனது?"

"தண்ணித் தாங்கி ஒழுகுது எண்டு போன கிழமை நீர்தானே அவனை மேல ஏத்தினீர். கண்டிட்டு வந்து என்னட்டச் சொன்னவன். 'அண்ணை, அகப்பட்டா உங்களைத்தான் பிடிப்பினம், என்னட்ட விடுங்கோ, லோயரிட்டக் கேட்டுப் பொலிஸில கொண்டுபோய்க் குடுக்கிறன்' எண்டு."

"அவன் துரத்துப்படுமட்டும் நீங்கள் வாயைத் திறக்கேல்ல."

அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"பிடிச்சா எத்தினை வருசம்?"

"அஞ்சு எண்டு லோயர் சொன்னவராம்."

கமலேஸ்வரி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

துஷாந்தன் பயணப்பையோடு இறங்கி வந்தான். கதவுப்பிடியில் கை வைக்கும்போது அவள் எழுந்து வந்தாள். இவ்வளவு நேரமும் இல்லாத ஒரு குழைவு குரலில்.

"கொஞ்சம் நில்லு தம்பி."

நின்றான். கிருஷ்ணராசாவும் தலையை நிமிர்த்தினார்.

"போறதுதான் போறாய்," என்றாள் கமலேஸ்வரி, "அந்தச் சாமானையும் மறக்காமல் கொண்டு போ, என்ன."

"அது அப்பவே பைக்குள்ள வச்சிட்டன் அக்கா," என்றான் அவன். "பொலிஸ் ஸ்டேசனில எங்க எடுத்தனி எண்டு கேட்டா, ரோட்டில கிடந்தது எண்டு சொல்லுறன். நீங்கள் யோசியாதேங்கோ."